ஆலங்கட்டி விழுந்த பிறகு பதினெட்டு நாள்: காட்சித் தோட்டத்தை எப்படிக் கரை சேர்ப்பது?

தகர ஷெட்டின் மேல் யாரோ கொட்டைப்பாக்கை அள்ளி எறிந்த மாதிரிதான் முதல் சத்தம். அப்புறம் மூட்டையோடு கவிழ்த்த சத்தம். ஏப்ரல் கடைசி வாரம், மதியம் மூன்றேகால். பன்னிரண்டு நிமிஷம்கூட இருக்காது. வெளியே வந்து பார்த்தால் பாத்தி முழுக்க வெள்ளை. பூ வெள்ளை இல்லை, ஆலங்கட்டி வெள்ளை.

ஊட்டியில் ஒரு தங்கும் விடுதிக்காரருக்காக, கோடை சீசன் தோட்டப் போட்டிக்கென்று போட்டுக்கொண்டிருந்த தோட்டம் அது. 40 அடிக்கு 25 அடி. நடுவில் சின்னக் குளம், சுற்றி வெள்ளை பெட்டூனியா, நீல சால்வியா, மஞ்சள் செண்டுமல்லி, பாதை ஓரம் பான்ஸி, பின்வரிசையில் ஆளுயர டெல்பினியம். ஜனவரியில் விதைத்து, தொட்டியில் வளர்த்து, 1,100 தொட்டிகளை அப்போதுதான் இடத்துக்கு இறக்க ஆரம்பித்திருந்தோம். நடுவர்கள் வர பதினெட்டு நாள்.

என்னோடு வேலை செய்கிற தம்பி குனிந்து குனிந்து பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "அக்கா, பெட்டூனியா பூராப் போச்சு. டெல்பினியம் நடுத்தண்டே ஒடிஞ்சிருச்சு. பான்ஸி மட்டும் தப்பிச்சிருக்கு. அது தரையோட தரையா படுத்துக்கிச்சு."

அரை மணி நேரத்தில் விடுதிக்காரர் போன் பண்ணிவிட்டார். "என்ன செலவானாலும் பரவால்லம்மா, பெங்களூர்ல இருந்து ஒரு லோடு இறக்கிடுங்க." இப்படி ஒரு அடி விழுந்ததும் பத்தில் எட்டுப் பேர் வாயில் முதலில் வருவது இதுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். புதுச் செடி வாங்குவது, அடிபட்டதைத் தேற்றுவது, தோட்டத்தைச் சுருக்குவது, தோட்டம் சொல்ல வருகிற கருவையே மாற்றுவது, போட்டியிலிருந்து விலகிக்கொள்வது என்று அந்த நேரத்தில் ஐந்து கதவு இருக்கிறது. பதற்றத்தில் கண்ணுக்குத் தெரிவது முதல் கதவு மட்டும்தான்.

எந்தக் கதவு என்பதைக் கையில் இருக்கிற காசு முடிவு பண்ணாது, கையில் இருக்கிற நாள்தான் முடிவு பண்ணும். உதாரணத்துக்கு உறைபனியை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஊட்டியில் பனி விழும். அரசு தாவரவியல் பூங்காவிலேயே நாற்றுகளையும் அலங்காரச் செடிகளையும் கோத்தகிரி மிலார் என்கிற செடியின் கொத்துகளை வைத்து மூடிவைப்பார்கள், விடிகாலையில் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். எவ்வளவு மூடினாலும் ஒரு ராத்திரி ஏமாந்தால் ஒரு பாத்தி கருகிவிடும். ஆனால் ஜனவரியில் 600 நாற்று கருகினால் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். மறுபடி விதைப்பேன், செலவு சில நூறு ரூபாய் விதைதான். அதே 600 ஏப்ரல் கடைசியில் போனால் விதைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நஷ்டம் அதே 600தான், முடிவு வேறு.

அதனால் அன்றைக்கு ராத்திரி ஒன்றும் முடிவு செய்யவில்லை. ஆலங்கட்டி அடித்த செடியை அன்றே எண்ணக் கூடாது. சாயந்திரம் நல்லா இருப்பது போலத் தெரிகிற தண்டு காலையில் கறுத்துத் தொங்கும், செத்தது என்று நினைத்தது நிமிர்ந்திருக்கும். மறுநாள் காலை எட்டு மணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு எண்ணினோம். 1,100இல் காட்சிக்கு வைக்கத் தேறுவது 480. கிள்ளிவிட்டால் பிழைக்கும், ஆனால் எப்போது பூக்கும் என்று கேட்க வேண்டியது 390. மீதி குப்பைமேட்டுக்கு.

முதலில் தேற்றுகிற வழி. மனசுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், நம் கையால் வளர்த்த செடி இல்லையா. ஆனால் நாள் கணக்கு கறாரானது. பான்ஸியில் அடிபட்ட பூவைக் கிள்ளினால் பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த பூ வரும். பெட்டூனியாவை வெட்டிவிட்டால் நல்ல வெயிலில் மூன்று வாரம். ஊட்டி மே மாத ராத்திரியிலும் 10, 12 டிகிரிக்கு இறங்குகிற ஊர், நாலு வாரம் என்றே வைத்துக்கொள்ளலாம். செண்டுமல்லியில் பக்கக் கிளையில் பட்டாணி அளவு மொட்டு ஏற்கெனவே இருந்தால் பிழைத்தீர்கள், இல்லாவிட்டால் மறந்துவிடுங்கள். டெல்பினியம் நடுத்தண்டு ஒடிந்தால் அடியிலிருந்து இரண்டாவது தண்டு வரும், அழகாகவும் வரும், ஜூன் கடைசியில். பதினெட்டு நாளுக்குள் அடங்குவது பான்ஸியும், மொட்டு இருந்த செண்டுமல்லியும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு கை சால்வியாவும்தான்.

நாளைக் குறைக்க முடியாதா? ஓரளவு முடியும். பாலித்தீன் போர்த்திய செடிக் கூடாரமான பாலிஹவுஸுக்குள் தூக்கி வைத்து, சாயங்காலம் நாலு மணிக்கே பக்கத் திரைகளை இறக்கிவிட்டால் பகல் சூடு உள்ளேயே தங்கும், ராத்திரிக் குளிரில் கொஞ்சம் லாபம். ஆனால் ஆலங்கட்டி குத்திய இலை என்பது ஆறாத புண். ஈரத்தோடு மூடிவைத்தால் சாம்பல் பூஞ்சை வந்து உட்கார்ந்துவிடும். அதனால் திரை இறக்குவதற்கு முன் இலை காய்ந்திருக்க வேண்டும், தண்ணீர் காலையில் மட்டும், அதுவும் அடியில் மட்டும். இன்னொரு ஆபத்து, நல்ல எண்ணத்தோடு வருகிறவர்கள். "கொஞ்சம் யூரியா விடுங்க, சரசரன்னு வந்துடும்" என்பார்கள். சரசரவென்று வருவது இலை. நடுவர்கள் வருகிற அன்றைக்குப் பச்சைப் பசேலென்று ஒரு பூவும் இல்லாமல் நிற்கும். கொடுப்பதானால் சாம்பல் சத்து (பொட்டாஷ்) அதிகமுள்ள உரத்தை வழக்கமான அளவில் பாதி. அதுகூட அற்புதம் எதையும் செய்துவிடாது.

அடுத்து வாங்குகிற வழி. ஓசூரிலும் பெங்களூரிலும் ஒரே வளாகத்தில் ஆயிரக்கணக்கான பூத்த தொட்டிகளை வைத்திருக்கிற நர்சரிகள் உண்டு. காலையில் பேசி மறுநாள் இறக்கிவிடலாம் என்று தோன்றும். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. சூட்டில் வளர்ந்த செடியை ஒரே நாளில் இத்தனை உயரம் ஏற்றினால் அது முகம் சுளிக்கும். நித்தியகல்யாணி, ஜின்னியா, கோழிக்கொண்டை மாதிரி சூடு கேட்கிற செடிகளுக்கு இரண்டு ராத்திரி போதும், இலை ஓரம் ஊதா ஏறி, வளராமல் அப்படியே நின்றுவிடும். பெட்டூனியாவும் பான்ஸியும் குளிர் தாங்கும். அதற்கும் நாலைந்து நாள் நிழல்வலைக்கு அடியில் வைத்துப் பழக்க வேண்டும். ஆக, வாங்குவது என்று முடிவு செய்தால் கடைசி ஒரு வாரத்துக்குள் வந்து இறங்குகிற லோடு எனக்கு வேண்டாம்.

வழியையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூரிலிருந்து மைசூர், குண்டுலுபேட்டை வழியாக வருகிற வண்டி பந்திப்பூர் காட்டைத் தாண்ட வேண்டும். அங்கே ராத்திரி 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை, 2009லிருந்து இருக்கிறது. நர்சரிக்காரர் "சாயந்திரம் ஏத்திடறேன்" என்றால் உங்கள் செடி காட்டோரம் ஒன்பது மணி நேரம் மூடிய வண்டியில் படுத்துக்கிடக்கும் என்று அர்த்தம். சேலம், மேட்டுப்பாளையம், குன்னூர் வழி தூரம், ஆனால் கேட் இல்லை. வெளி வண்டிகளுக்கான இ-பாஸ் விஷயத்தையும் முன்னமே பார்த்துவிடுங்கள், 2024 மே மாதத்திலிருந்து அது ஒரு வேலை.

எனக்கு இதில் சொந்த அனுபவம் ஒன்று உண்டு, வேறொரு வருஷம். ஆன்டிரைனம் இருநூறு தொட்டி வாங்கினேன். ஏற்றும்போது ஒவ்வொன்றும் கோபுரம் மாதிரி பூத்து நின்றது. இங்கே கதவைத் திறந்தால் வண்டித் தரை முழுக்க உதிர்ந்த பூ, தண்டில் காம்பு மட்டும். செடி வாடவே இல்லை, இலை கிண்ணென்று இருந்தது. என்ன ஆச்சென்று புரியாமல் நின்றபோது டிரைவர் அண்ணன் பின்பக்கத்திலிருந்து இரண்டு கூடையை இறக்கினார். மாம்பழம். சீசன் ஆயிற்றே, வீட்டுக்கு வாங்கியிருக்கிறார். பழுக்கிற பழம் எத்திலீன் வாயுவை விடும், ஆன்டிரைனம் போன்ற பூக்களுக்கு அது ஆகாது, உதிர்த்துவிடும். மூடிய வண்டியில் ஒரு ராத்திரி இரண்டையும் சேர்த்து வைத்தால் வேறு என்ன நடக்கும்? அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதிலிருந்து ஒரு பழம் கொடுத்தார், நன்றாகத்தான் இருந்தது.

நிறம் இன்னொரு தலைவலி. போனில் "வெள்ளை" என்றால் வெள்ளை. நேரில் ஒன்று பால் வெள்ளையாக இருக்கும், இன்னொன்று தந்த வெள்ளையாக இருக்கும். தனித்தனியாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, பழைய செடிக்குப் பக்கத்தில் வைத்ததும் வேட்டியில் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். வாங்குவதானால் ஒரு பாத்தி முழுவதையும் புதுச் செடியால் நிரப்புங்கள், பழையதோடு கலக்காதீர்கள். பெங்களூருக்குப் போன் போடுவதற்கு முன் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இருக்கிற சின்ன நர்சரிகளை ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். வகை குறைவு, சீசனில் பாதி காலியாக இருக்கும். ஆனாலும் மலையிலேயே வளர்ந்த ஐம்பது தொட்டி, கீழிருந்து வருகிற நூறுக்குச் சமம்.

எனக்குப் பிடித்த வழி மூன்றாவது, சுருக்குவது. யாரும் முதலில் யோசிக்காத வழியும் இதுதான். 1,100 தொட்டிக்கு அளந்த இடத்தில் 600 தொட்டியை வைத்தால் பல் போன வாய். அதே 600ஐ 600க்கு அளந்த இடத்தில் நெருக்கி வைத்தால் திட்டமிட்டுச் செய்தது. பார்க்கிறவர்கள் தொட்டியை எண்ணுவதில்லை, இடைவெளியைத்தான் எண்ணுகிறார்கள். மீதி இடத்துக்குப் புல்தரை, சரளைக்கல், பாசி படிந்த பாறை, பெரணி என்று நீலகிரியில் பஞ்சமே இல்லாத பொருள்கள் இருக்கின்றன. மே மாத ஈரத்தில் கிக்கூயு புல் பத்தையை ஒட்டினால் பத்து நாளில் பிடித்துக்கொள்ளும். பெரணி அன்றைக்கு வைத்தால் அன்றைக்கே அழகு. இலைக்கு ஆலங்கட்டி பட்டாலும் இரண்டு ஓலையைக் கிள்ளிவிட்டால் தெரியாது.

சிக்கல் என்னவென்றால், ஓரத்தில் நறுக்கினால் அது சுருக்கியது போலவே தெரியும். ஒரு பக்கப் பாத்தியை எடுத்துவிட்டு அங்கே சரளை கொட்டினால் "இங்கே ஏதோ செத்துப்போயிருக்கிறது" என்று குழந்தைகூடச் சொல்லும். பாதையையே திருப்ப வேண்டும். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குக் கயிறும் சுண்ணாம்புப் பொடியுமாக இறங்கினோம். நேராகப் போய்க்கொண்டிருந்த பாதையை வாசலுக்கு நாலடி தள்ளி இடது பக்கம் வளைத்து, குளத்தை ஒட்டிக் கொண்டுபோய், வலது பாத்தியை முழுசாகப் பெரணிக்கு விட்டோம். கயிற்றைப் போட்டுப்போட்டு எடுத்ததில் ஆறு தடவை கோடு மாறியது. தம்பி கடைசியில் வாசலில் போய் நின்றுகொண்டு, "இப்ப பூ இல்லாத எடம் கண்ணுக்குத் தட்டலக்கா" என்றான். அந்தக் கோட்டை வைத்துக்கொண்டோம்.

விடுதிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "காசு குடுத்து காட்டுல மொளைக்கறத வைக்கறீங்களே" என்றார். இந்த வழியின் உண்மையான செலவு இதுதான். பணம் போகாது, பேச்சு போகும். செடி வாங்கினால் உரிமையாளருக்கு ஏதோ நடக்கிறது என்று தெரியும், லாரி வரும், பூ இறங்கும். சுருக்கினால் விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று தோன்றும். வரைபடம் காட்டிப் புரியவைக்க முயலாதீர்கள். கயிற்றுக் கோட்டுக்குள் பத்துத் தொட்டியை வைத்துக் காட்டுங்கள். நான் அப்படித்தான் சமாளித்தேன், அதுவும் அரை மனசாகத்தான் சரி என்றார்.

கருவை மாற்றுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, மாற்றாதீர்கள். வெள்ளை நீலத் தோட்டம் போயிற்றே, இதையே "மழைத் தோட்டம்" என்று பெயர் வைத்துவிடலாமே என்று மூன்றாம் நாள் இரவு எனக்கும் தோன்றியது. லண்டனில் ராயல் ஹாஸ்பிடல் மைதானத்தில் 1913லிருந்து நடக்கிற செல்சி மலர்க் காட்சியில், வடிவமைப்பாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த குறிப்பை வைத்துக்கொண்டுதான் நடுவர்கள் தோட்டத்தைப் பார்ப்பார்கள். சொன்னதைச் செய்திருக்கிறாயா என்பதுதான் கேள்வி. நம் ஊர்ப் போட்டிகளில் அவ்வளவு எழுத்து வேலை கிடையாது. ஆனாலும் பாதியில் மாற்றிய கரு பாதிக் கருவாகத்தான் தெரியும், குளம் ஒன்று சொல்லும், பூ வேறொன்று சொல்லும்.

எல்லோரையும் ஒரே அடி அடித்தால் மட்டும் கதை வேறு. செல்சி காட்சியே 2021இல் கொரோனாவால் மே மாதத்திலிருந்து செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. வசந்தகாலப் பூவை நம்பி வரைந்திருந்தவர்கள் இலையுதிர்காலச் செடிகளுக்கு மாற வேண்டியிருந்தது. அதற்கு முன் 1926இல் பொது வேலைநிறுத்தத்தால் ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கிறது, 1932இல் மழையில் ஒரு கோடை மண்டபமே பிய்ந்து விழுந்திருக்கிறது. அதைப் படித்தபோது அல்பமான ஒரு ஆறுதல்.

விலகுவது பற்றியும் இரண்டு வார்த்தை. மண் சரிகிற இடத்தில் ஆளை இறக்கி வேலை வாங்க வேண்டிய நிலை வந்தால் விலகிவிடுங்கள், யோசிக்கவே வேண்டாம். மற்றபடி கௌரவத்துக்காக விலகாதீர்கள். 2020இல் ஊட்டி பூங்காவில் தொட்டிகள் பூத்து நின்றன, ஊரடங்கில் பார்க்க ஆளில்லை. அந்த மாதிரி நேரத்தில் விலகுவதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை.

செடி விஷயத்தை முடித்து மூச்சு விடுவதற்குள் குளம் ஒழுக ஆரம்பித்தது, அது எட்டாம் நாள். ராத்திரி நிரப்பிய தண்ணீர் காலையில் நாலு விரல்கடை இறங்கியிருந்தது. மேஸ்திரி "சிமெண்ட் பூசிடலாம்மா" என்றார். பூசலாம், ஆனால் ஏழு நாளாவது ஈரத்தில் ஆற வேண்டும். அதற்குள் தண்ணீர் விட்டால் சுண்ணாம்பு கரைந்து மேலே வெள்ளைப் படலம் நிற்கும், அல்லிக்கும் அது ஆகாது. மிச்சம் பத்து நாள்தான். பூச்சு ஒரு தடவையில் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவைக்கு இடமில்லை. கறுப்புத் தார்ப்பாய் ஷீட்டை உள்ளே விரித்து, ஓரத்தைக் கல்லால் மறைப்பது ஒரு நாள் வேலை. மடிப்பு தெரியும், ஆனால் தண்ணீர் கறுப்பாக இருந்தால் மடிப்பும் தெரியாது, வானம் மட்டும் தெரியும். மூன்றாவது, தண்ணீரே வேண்டாம் என்று கூழாங்கல் நிரப்பி உலர் ஓடையாக்குவது. கையில் மூன்று நாள்தான் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். பத்து நாள் இருந்ததால் ஷீட்டை விரித்தோம், அல்லியைத் தொட்டியோடு அடியில் இறக்கினோம்.

கடைசியில் செய்தது எல்லாம் கலந்த சாதம்தான். வலது பாத்தி பெரணிக்கு. தேறின 480 தொட்டி இடது பக்கம் நெருக்கமாக. குளத்தைச் சுற்றி மட்டும் வெள்ளை கட்டாயம் வேண்டியிருந்தது, அதற்கு 120 பெட்டூனியா கோத்தகிரிப் பக்கத்திலிருந்து, ஒரே பாத்திக்கு. கிள்ளிவிட்ட 390ஐ பாலிஹவுஸில் வைத்து, பூத்ததை மட்டும் கடைசி இரண்டு நாளில் எடுத்து ஓட்டை அடைக்க. அந்தக் கணக்கில் வந்தது எழுபதுதான், அதிலும் பெரும்பாலும் பான்ஸி. செலவு, விடுதிக்காரர் முதல் நாள் சொன்ன பெங்களூர் லோடில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து நாலு தொட்டிக்கு ஒரு தொட்டி உபரி வளர்க்கிறேன், அதையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை.

நடுவர்கள் பதினொரு மணிக்கு வந்தார்கள், மழை இரண்டு மணிக்கு வந்தது. இரண்டாம் பரிசு. ஒரு அம்மா பெரணிப் பாத்தி பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றுவிட்டுப் போனார். விடுதிக்காரர் இப்போதும் வருகிற விருந்தாளிகளை அங்கேதான் முதலில் கூட்டிப்போகிறார். "எல்லாரும் பூவ வெப்பாங்க, இது நம்ம ஐடியா" என்கிறார்.

பாலிஹவுஸில் விட்டுவந்த பெட்டூனியா, நடுவர்கள் வந்துபோன ஆறாம் நாள் பூத்துக் கொட்டியது.